எங்க வீட்டு கிறிஸ்துமஸ் கேசட்டும் அதில் பாடினவங்களும்

கேசட்டில் இருந்து கம்ப்யூட்டருக்குப் பாட்டு ஏற்றியவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு ஃபைலுக்கும் மூன்று கட்டம் வரும்: பாட்டின் பெயர், ஆல்பம், பாடியவர். முதல் இரண்டில் எதையாவது போட்டு ஒப்பேற்றி விடலாம். மூன்றாவதுதான் தகராறு. காலியாக விட்டால் 'அன்னோன் ஆர்ட்டிஸ்ட்' என்று அதுவே எழுதிக்கொள்ளும். எங்கள் வீட்டு கிறிஸ்துமஸ் கேசட்டை இந்த டிசம்பரில் பென் டிரைவுக்கு மாற்றியபோது வரிசையாக 20 அன்னோன் ஆர்ட்டிஸ்ட் வந்து நின்றார்கள். பார்க்கவே ஒரு மாதிரி இருந்தது. சரி, செமஸ்டர் லீவில் சும்மாதானே இருக்கிறோம், இவர்கள் எல்லாம் யார் என்று தேடிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். அந்தத் தேடல்தான் இது. கொஞ்சம் நீளம், பொறுத்தருள்க.

முதலில் கேசட் பற்றி. அது கடையில் வாங்கிய கேசட் இல்லை. ரெக்கார்டிங் சென்டர் என்று ஒன்று இருந்தது, இப்போது படிக்கிறவர்களுக்குத் தெரிந்திருக்காது. வேண்டிய பாட்டுகளை ஒரு தாளில் எழுதி, கூடவே வெற்று கேசட்டையும் கொடுத்துவிட்டு வந்தால், கடைக்காரர் தன்னிடம் இருக்கும் ரெக்கார்டில் இருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பதிந்து தருவார். மதுரையில் அப்போது தெருவுக்குத் தெரு இருந்ததாம். அப்பா 1994இல் ஒரு டிடிகே 90 கொடுத்துப் பதிந்தது இது. அட்டையில் அப்பாவின் கையெழுத்தில் பாட்டுகளின் முதல் இரண்டு வார்த்தை மட்டும் இருக்கும். பாடியவர் பெயர் ஒன்றுகூடக் கிடையாது. கேட்டால், "பாட்டு நல்லா இருந்துச்சு, போட்டேன். யாரு பாடுனா என்ன?" என்கிறார்.

யார் பாடினால் என்ன என்பது நல்ல கேள்விதான்.

ஏ சைடு முதல் மூன்று பாட்டு ஜிம் ரீவ்ஸ். தென் தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் வீட்டில் டிசம்பர் மாதம் நுழைந்தவர்கள் யாரும் இந்தக் குரலைத் தப்பித்திருக்க முடியாது. அமெரிக்காவின் டெக்சாஸ்காரர், 1923இல் பிறந்தவர். முதலில் பேஸ்பால் ஆடினார். அடிபட்டதும் ஆட்டத்தை விட்டு ரேடியோ அறிவிப்பாளர் ஆனார். அங்கிருந்து பாட்டுக்கு வந்தார். அந்தக் காலத்து அமெரிக்க கிராமியப் பாடகர்கள் தொண்டையைத் திறந்து முழங்கிக்கொண்டிருந்தபோது, இவர் மைக்குக்கு மிக அருகே உதட்டைக் கொண்டுபோய்க் காதில் பேசுவது போலப் பாடினார். ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாகக் கேட்கும். நம் ஊரில் அவர் இவ்வளவு ஒட்டிக்கொண்டதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அரைகுறை ஆங்கிலம் தெரிந்தவருக்கும் அவர் பாட்டு புரியும். எங்கள் பெரியப்பா ஆங்கில உச்சரிப்பு கற்றதே ஜிம் ரீவ்ஸிடம்தான் என்று பெருமையாகச் சொல்வார்.

அவருடைய கிறிஸ்துமஸ் ஆல்பம் 1963இல் வந்தது. அதற்கு அடுத்த ஆண்டு, 1964 ஜூலை 31 அன்று, தன் சிறிய விமானத்தைத் தானே ஓட்டிக்கொண்டு வந்தவர் நாஷ்வில் அருகே மழையில் சிக்கி விழுந்து இறந்துபோனார். வயது 40. அந்த ஆல்பம் வெளிவந்த பிறகு அவர் பார்த்த கிறிஸ்துமஸ் ஒன்றே ஒன்று. மீதி எல்லாக் கிறிஸ்துமஸையும் நாம்தான் அவரை வைத்துக் கொண்டாடிக்கொண்டிருக்கிறோம்.

நாலாவது பாட்டு போனி எம். இது இல்லாமல் நம்ம ஊரில் ஸ்டார் கட்டுவதே இல்லை. 1978 நவம்பரில் வந்து, இங்கிலாந்தில் அந்தக் கிறிஸ்துமஸுக்கு முதல் இடத்தைப் பிடித்த பாட்டு. ரெக்கார்டு அட்டையில் நாலு பேர் இருப்பார்கள். மூன்று பெண்கள், நடுவில் ஆட்டம் ஆடும் பாபி ஃபாரல். விஷயம் என்னவென்றால், ரெக்கார்டில் கேட்கிற ஆண் குரல் அவருடையது இல்லை. அது ஃபிராங்க் ஃபாரியன் என்ற ஜெர்மானியத் தயாரிப்பாளரின் குரல். ஸ்டூடியோவில் அவர் பாடினார், மேடையில் பாபி ஆடினார். மூன்று பெண்களிலும் மெய்சி வில்லியம்ஸ் ரெக்கார்டில் பாடவில்லை. முக்கியக் குரல் லிஸ் மிட்செலுடையது. ஜமைக்காவில் பிறந்தவர்.

நம் சினிமாவில் டி.எம்.எஸ். பாட, சிவாஜி வாயசைப்பதை யாரும் ஏமாற்று என்று சொன்னதில்லை. ஏனென்றால் டைட்டிலில் பின்னணி என்று இருவர் பெயரும் தனித்தனியாக வந்துவிடும். தப்பு வாயசைப்பில் இல்லை, பெயரை மறைப்பதில்தான் இருக்கிறது. அந்த பாபி ஃபாரல் 2010 டிசம்பர் 30 அன்று ரஷ்யாவில் ஒரு நிகழ்ச்சி முடித்துவிட்டு ஓட்டல் அறைக்குப் போனவர் அங்கேயே இறந்துகிடந்தார். கிறிஸ்துமஸ் முடிந்து ஐந்தாம் நாள். ஃபாரியன் 2024 ஜனவரியில் இறந்தார்.

அந்தப் பாட்டும் போனி எம்முடையது இல்லை. அதற்கு 22 வருடம் முன்பே, 1956இல், ஹாரி பெலஃபாண்டே பதிவு செய்துவிட்டார். எழுதியவர் அவரும் இல்லை, ஜெஸ்டர் ஹேர்ஸ்டன் என்ற கறுப்பின இசைக்குழுத் தலைவர். அவருடைய தாத்தா பாட்டி அடிமைகளாக இருந்தவர்கள். நண்பர் ஒருவரின் பிறந்தநாள் விருந்துக்காக மேற்கிந்தியத் தீவுகளின் கலிப்சோ பாணியில் ஒரு மெட்டுக் கட்டியிருந்தார். பிறகு கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்று வேண்டும் என்று கேட்டபோது, அதே மெட்டுக்கு வேறு வார்த்தை போட்டுக் கொடுத்தார். அடிமைகளின் பேரன் கட்டிய மெட்டு, ஜமைக்காப் பெண்ணின் குரல், ஜெர்மானியத் தயாரிப்பு. பதிந்த இடம் மதுரை. பாடியவர் கட்டத்தில் நான் லிஸ் மிட்செல் என்று போட்டேன். இடம் இருந்திருந்தால் ஹேர்ஸ்டனையும் சேர்த்திருப்பேன்.

அதற்கடுத்து வெள்ளைக் கிறிஸ்துமஸ் கேட்டு ஏங்கும் பாட்டு, பிங் கிராஸ்பி பாடியது. மதுரையில் பனி என்றால் அது மார்கழிப் பனிதான், காலையில் ஸ்வெட்டர் போட்டவர் பத்து மணிக்கெல்லாம் கழற்றிவிடுவார். ஆனாலும் அந்தப் பாட்டுக்கு அப்பா கண்ணை மூடிக்கொள்வார். இதை எழுதிய இர்விங் பெர்லின் யூதர், கிறிஸ்துமஸ் அவர் மதப் பண்டிகையே இல்லை. அவருடைய கைக்குழந்தை இறந்தது 1928 டிசம்பர் 25 அன்று. கிராஸ்பி இதை முதலில் பதிந்தது 1942இல். பிரதி எடுத்து எடுத்து மூல ரெக்கார்டே தேய்ந்துபோனதால் 1947இல் மறுபடி பாடினார். இப்போது உலகம் கேட்பது பெரும்பாலும் அந்த இரண்டாவது பதிவைத்தான்.

ஏ சைடு வெளிநாடு, பி சைடு நம்ம ஊர்.

பி சைடில் முதல் பாட்டு 'அன்னை வேளாங்கண்ணி' படத்தில் டி.எம். சௌந்தரராஜன் பாடியது. படம் 1971, இசை தேவராஜன். இயேசு சிலுவை சுமந்து போகும் காட்சியைச் சொல்லும் பாட்டு. பெரிய வெள்ளிக்கிழமைக்குப் போட வேண்டியதைக் கிறிஸ்துமஸ் கேசட்டில் ஏன் போட்டீர்கள் என்று அம்மா வருடா வருடம் கேட்பார். அப்பா வருடா வருடம், "டி.எம்.எஸ். இல்லாம ஒரு கேசட்டா?" என்பார்.

டி.எம்.எஸ். நம்ம மதுரைக்காரர். சௌராஷ்டிரக் குடும்பம், வைணவர்கள். இவரே பட்டினத்தாராகவும் அருணகிரிநாதராகவும் படங்களில் நடித்தவர். முருகன் பாட்டு என்றாலே இவர் குரல்தான் காதில் வரும். 2013இல் இறந்தார். 2023இல் முனிச்சாலையில் அவருக்குச் சிலை வைத்தார்கள், அந்தப் பக்கம் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். மீனாட்சி அய்யங்கார் மகன் பாடிய சிலுவைப் பாட்டைக் கேட்டு எங்கள் அம்மாச்சி முந்தானையால் கண்ணைத் துடைப்பார். அதே பி சைடில் யேசுதாஸும் இருக்கிறார். ஃபோர்ட் கொச்சியில் லத்தீன் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். சபரிமலையில் தினமும் இரவு நடை சாத்தும்போது ஒலிப்பது அவர் குரல். குருவாயூர்க் கோயிலுக்குள் மட்டும் அவரை விடவில்லை. குரல் போகிற இடத்துக்கெல்லாம் ஆள் போக முடிவதில்லை. இந்த வாக்கியத்தை மனதில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

பிறகு ஐந்தாறு கீர்த்தனைகள். இவற்றைப் பாடிய பாடகர் குழு யார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அதனால் எழுதியவர் பெயரைப் போட்டேன். அவற்றில் நாலு, தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் எழுதியவை. 1774இல் திருநெல்வேலியில் பிறந்து, தஞ்சையில் ஷ்வார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்து, சரபோஜி மன்னரோடு சேர்ந்து படித்தவர். 'பெத்லகேம் குறவஞ்சி' எழுதியவர். இரண்டு நூற்றாண்டுகளாகத் தமிழ்க் கிறிஸ்துமஸ் என்றாலே அவர் பாட்டுதான்.

இவர் பாட்டு மதுரைப் பக்கம் பரவியதில் நம் ஊருக்குப் பங்கு உண்டு. இங்கே 1834 முதல் இருந்த அமெரிக்கன் மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் என்பவர், சாஸ்திரியாரின் பாட்டுகளையும் மற்றவர்களுடையதையும் திரட்டி 1850களில் ஞானப்பாட்டுப் புத்தகமாக அச்சிட்டார். அப்போது சாஸ்திரியார் எண்பதை நெருங்கிய கிழவர். தஞ்சையில் முன்பு வந்த புது மிஷனரிமார் தமிழ்ப் பாட்டைக் கோயிலில் பாடக் கூடாது என்று தடுத்தபோது எதிர்த்து நின்றவர் அவர். கடைசியில் அவர் பக்கம்தான் வென்றது.

ஆனால் அதே சண்டையில் இன்னொரு பாதியும் இருக்கிறது. அதே மிஷனரிமார், எல்லாச் சாதியாரும் ஒன்றாக உட்கார்ந்து திருவிருந்து எடுக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். சாஸ்திரியார் அதையும் எதிர்த்தார். கிறிஸ்தவனாக இருந்துகொண்டே சாதி வழக்கத்தைக் காக்கலாம் என்று எழுதினார். மதுரை அமெரிக்கன் மிஷனோ இதில் நேர் எதிர். 1847இல் அது, சாதியை விட்டுவிட்டோம் என்று காட்ட எல்லாரும் சேர்ந்து ஒரே பந்தியில் சாப்பிட வேண்டும் என்று தன் ஊழியர்களுக்கு விதித்தது. முடியாது என்று பலர் வேலையை விட்டே போனார்கள். அந்த மிஷன்தான் சில வருடங்களில் சாஸ்திரியார் பாட்டைப் புத்தகமாகப் போட்டது. பாட்டை எடுத்துக்கொண்டார்கள், பந்தியில் அவர் சொன்னதை விட்டுவிட்டார்கள். இதைப் படித்த பிறகும் எனக்கு அவர் பாட்டுப் பிடிக்காமல் போகவில்லை. ஆனால் கேட்கும்போது இப்போதெல்லாம் கூடவே இதுவும் ஞாபகம் வருகிறது.

இதே மதுரையில் 130 வருடம் கழித்து அந்தப் பந்திக் கதையை வேறு பக்கத்தில் இருந்து எடுத்தவர் ஒருவர். அவர் பாட்டு எங்கள் கேசட்டில் இல்லை. ஆனால் இவரைச் சொல்லாமல் கடைசிப் பாட்டுக்குப் போக முடியாது. அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு, பரட்டை அண்ணன் என்றால்தான் பலருக்குத் தெரியும். அந்தக் கல்லூரியில் தாமஸ் தங்கராஜ் போன்றவர்கள் கர்நாடக ராகத்தில் புதிய பாட்டுகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். பரட்டை அண்ணன் கேட்டது வேறு. கர்நாடக இசை கற்க வசதி வேண்டும், ஆங்கிலப் பாமாலைக்கு மொழி வேண்டும். களையெடுக்கிற அக்காவுக்கு எந்தப் பாட்டு? அவர் கிராமத்து மெட்டில், பேச்சுத் தமிழில் பாட்டுக் கட்டினார். ஒரு முழு ஆராதனையையே அப்படிக் கட்டினார். பறையை உள்ளே கொண்டு வந்தார். ஒரே உலையில் சேர்ந்து பொங்கிச் சேர்ந்து தின்பதுதான் அவருக்குத் திருவிருந்து. தன் பாட்டை ஜனங்கள் மாற்றிப் பாடினால் அவருக்குச் சந்தோஷம், அப்போதுதான் அது அவர்கள் பாட்டு ஆகிறது என்பார். 2005இல் இறந்தார். இவரைப் பற்றி ஸோயி ஷெரினியன் என்ற அமெரிக்க இசை ஆய்வாளர் 2014இல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார்.

இனி கேசட்டின் 20ஆவது பாட்டு.

பி சைடு முடிவில் நாலு நிமிடம் மிச்சம் இருந்திருக்கிறது. அப்பா அதை வீணாக்கவில்லை. அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு உசிலம்பட்டிப் பக்கம் அம்மாவின் ஊருக்குப் போனபோது டூ-இன்-ஒன்னை எடுத்துக்கொண்டு போய், ராத்திரி வீடு வீடாக வந்த பஜனைக் கூட்டத்தைப் பதிந்துவிட்டார். நாய் குரைக்கும் சத்தம், யாரோ இருமுவது, நடுவில் அம்மா "உள்ள வாங்க, உள்ள வாங்க" என்பது எல்லாம் இருக்கும். ஒரு பெண் பாட்டை எடுக்க, ஏழெட்டுப் பேர் வாங்கிப் பாடுவார்கள். அடியில் ஒரு தப்பு. அவ்வளவு சுத்தமாக, ஒரு அடி பிசகாமல். அடித்தது எங்கள் தாத்தா, அம்மாவின் அப்பா.

தாத்தாவை எனக்குத் தெரியாது, நான் பிறப்பதற்கு முந்தின வருடம் போய்விட்டார். தப்பு அடித்தார் என்பதே வீட்டில் பேசப்படாத விஷயம். அம்மாச்சியிடம் கேட்டேன்.

"சாவுக்குக் கூப்பிடுவாக. போகலைன்னா வம்பு. நெல்லு குடுத்தாக் குடுப்பாக, இல்லைன்னா இல்ல. கோயிலுக்கு வந்த பெறகு உங்க தாத்தா அதெல்லாம் விட்டாரு."

"கோயில்ல அடிக்கலையா அம்மாச்சி?"

"கோயிலுக்குள்ள அது எதுக்குன்னாக. ஆர்மோனியம் இருந்துச்சுல்ல. கிறிஸ்துமஸ் ராத்திரி மட்டும் தெருவுல அடிச்சுக்கிரலாம்."

"அப்புறம் ஏன் அதையும் விட்டாரு?"

"ஒங்க மாமன் காலேசுக்குப் போனான்ல. தப்படிக்கிறவன் மகன்னு சொல்லிருவாகன்னு பரண்ல தூக்கிப் போட்டாரு. கறையான் அரிச்சுப் போச்சு."

இதைக் கேட்ட பிறகு பரட்டை அண்ணன் கதை எனக்கு லேசாக இல்லை. பறை எங்கள் விடுதலைக் கருவி என்று மேடையில் சொல்வது ஒன்று. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள் பறையைத் தோளில் மாட்டி ஆடும்போது புல்லரிக்கிறது, உண்மைதான். ஆனால் அதே பறையைக் கீழே போட்டதுதான் விடுதலை என்று நினைத்தவர் எங்கள் தாத்தா. கூலியில்லாமல் அடித்த கை அது. இரண்டு பேரும் ஒரே அவமானத்துக்கு எதிராகத்தான் நின்றார்கள், ஒருவர் எடுத்து, ஒருவர் போட்டு. யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு வயதும் போதாது, அனுபவமும் போதாது. ஆனால் அந்த நாலு நிமிடத்தில் தாத்தா அடிப்பதைக் கேட்டால், வெறுத்து அடித்த கை மாதிரித் தெரியவில்லை. அந்த ஒரு ராத்திரி அவர் யாருடைய சாவுக்கும் அடிக்கவில்லை. ஒரு பிறப்புக்கு அடித்தார், தன் தெருவில், தன் ஆட்களோடு.

யார் பாடினால் என்ன என்று அப்பா கேட்டதற்கு என்னுடைய பதில் இதுதான். ஜிம் ரீவ்ஸுக்கு நான் பெயர் எழுதாவிட்டால் ஒன்றும் ஆகாது, உலகமே எழுதி வைத்திருக்கிறது. சாஸ்திரியார் பெயர் பாட்டுப் புத்தகத்தில் இருக்கும். தாத்தாவின் பெயரை நான் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப்போவதில்லை. தேடினால் எந்தக் கம்ப்யூட்டரும் காட்டாது.

பாட்டை எடுத்துக் கொடுக்கும் அந்தப் பெண் யார் என்று அம்மாவும் அம்மாச்சியும் ஒரு மணி நேரம் போனில் பேசினார்கள். நாலு பெயர் வந்தது. கடைசியில் பெரியம்மா கேட்டுவிட்டு, "இது தெக்குத் தெரு அத்தை. தொண்டையில லேசா ஒரு கரகரப்பு கேக்குதுல்ல, அவகதான்" என்றார். அத்தை இப்போதும் இருக்கிறாராம், திருப்பூரில் மகன் வீட்டில். பாட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். பதிலுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. பேச்சு ஒன்றும் இல்லை. அதே பாட்டின் அடுத்த சரணம், கேசட் தீர்ந்துபோனதால் பதியாமல் விட்டது, 30 வருடம் கழித்து, அதே கரகரப்போடு. அதையும் 21ஆவது ஃபைலாகச் சேர்த்துவிட்டேன்.

மாமாவுக்கு மட்டும் இதில் இஷ்டமில்லை. "பழசு எதுக்கு? பாட்டுப் போடு, அந்தக் கடைசிய மட்டும் எடுத்துரு" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அந்தத் தப்பு பரணுக்குப் போனதே அவருக்காகத்தான். அதற்கான விலை என்ன என்று அவருக்குத் தெரிகிற அளவு எனக்குத் தெரியாது. அதனால் இணையத்தில் ஏற்றவில்லை, குடும்பத்துக்கு மட்டும் ஆறு பென் டிரைவ் போட்டேன். 20ஆவது ஃபைலில் பாடியவர் கட்டத்தில் அத்தை பெயரும், அதற்குப் பக்கத்தில் 'தப்பு' என்று போட்டுத் தாத்தா பெயரும் இருக்கிறது.

மாமாவுக்குக் கொடுத்த பென் டிரைவிலும் அது இருக்கிறது. வாங்கிக் காரில் சொருகினார். முதல் பாட்டு ஜிம் ரீவ்ஸ், கூடவே முணுமுணுத்தார். 20 வரை கேட்டாரா, அழித்தாரா என்று நான் கேட்கவில்லை.

கொசுறு: உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பழைய கேசட் கிடந்தால், பூஞ்சை பிடிப்பதற்குள் மாற்றிவிடுங்கள். டேப்பை ஓட்டுவதற்கு முன் ஒருமுறை பென்சிலால் சுற்றித் தளர்த்துங்கள், ஒட்டியிருந்தால் அறுந்துவிடும். முக்கியமாக, கேட்டுச் சொல்ல ஆள் இருக்கும்போதே அந்த மூன்றாவது கட்டத்தை நிரப்பிவிடுங்கள்.